மீனா, ஊரியா? 1848இன் ஒரு வாக்குமூலம்

மட்டக்களப்பில் 'மீன்பாடும் தேன்நாடு' என்ற தொடரைக் கேட்காமல் யாரும் வளர முடியாது. கடைப் பெயர்ப்பலகையிலும் மேடைப் பேச்சிலும் மீன் பாடிக்கொண்டே இருக்கிறது. எந்த மீன் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். வாவிக்குத் தோணி எடுக்கும் முன் ஏடுகளைப் புரட்டிவிடுவோம் என்று நினைத்தேன். மீன் என்று முதலில் சொன்னது யார்?

முதலில் கல்லடிப் பாலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டியிருந்தது. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் பறுவ இரவில் அங்கே போய் நில்லுங்கள் என்கின்றன. ஆனால் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைத் தாங்கிய அந்த இரும்புப் பாலம் 1920களில் வந்தது. கதைக்கு அதைவிட வயது அதிகம். பாலம் ஆட்கள் வசதியாக நின்று காது கொடுக்கக் கிடைத்த இடம், அவ்வளவுதான்.

அடுத்த தடயங்கள் இனிமையானவை, துப்புக்கு உதவாதவை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 'நீரரமகளிர்' பாடலில் வாவியிலிருந்து எழும் இந்த ஓசையை நீர்மகளிரின் இசையாக்கினார். யாழின் சுருதிகளை ஆராய்ந்தவருக்கு அது போதும். உயிரினத்தைத் தேடுபவருக்குப் போதாது. பின்னர் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி லாங் ஓசையைப் பதிவுசெய்து இலங்கை வானொலியில் ஒலிக்கச் செய்தார். ஒலி கிடைத்தது, எழுப்பியது யார் என்பது கிடைக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் நிற்கிறார். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர். 1859இல் இலங்கை பற்றி இரண்டு தொகுதிகளும், 1861இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றித் தனி நூலும் வெளியிட்டார். 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இந்தக் கதையை விசாரித்திருக்கிறார். அந்தப் பக்கங்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வைன் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழும் அதிர்வுபோல் ஓசை இருந்தது என்று அவர் எழுதிய இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளில்தான் விஷயம் இருக்கிறது.

ஊரில் பொதுவாக நிலவிய பேச்சு, இது இந்த இடத்துக்கே உரிய ஏதோ மீன் என்பது. டெனன்ட் அதைக் குறித்துக்கொண்டு மீன்பிடிகாரரை அழைப்பித்தார். அவர்கள் சொன்னது வேறு. ஓசையைத் தங்கள் தகப்பன்மார் காலம் முதலே அறிவோம். கோடையில் மட்டும் கேட்கும். மாரி வெள்ளம் வந்து வாவி பெருகியதும் நின்றுவிடும். அதை எழுப்புவது மீன் இல்லை, ஊரி என்னும் ஓட்டு நத்தை. சொன்னதோடு நிற்காமல் போய் உயிருள்ள ஊரிகளைப் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். அவற்றை லிட்டோரினா, செரித்தியம் என்று டெனன்ட் அடையாளம் காண்கிறார். அந்தச் செரித்தியத்தை இன்றைய வகைப்பாட்டில் தெரெப்ராலியா என்பார்கள். கண்டல் சேற்றில் வாழும் பெரிய ஊரி. தமக்குக் கிடைத்தவை குறுகிக் கனத்தவை, பாறையில் வாழ்பவற்றின் சாயல் கொண்டவை என்றும் அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறார். அடிக்குறிப்பைப் படிப்பவர் யார்?

நிலவு ஏறிய பின் தோணியில் போனார்கள். கோட்டை வாசல் துறையிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய இருநூறு யார். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே கோட்டை. காற்று இல்லை. ஓசை கேட்டது; மெல்லியதும் கனத்ததுமாகப் பல சிற்றொலிகள். தோணிப் பலகையில் காதை வைத்தபோது உரத்துக் கேட்டது. சில இடங்களில் கூடியது, சில இடங்களில் குறைந்தது, விலகினால் மறைந்தது, பழைய இடத்துக்குத் திரும்பினால் மறுபடி வந்தது. இன்று நீரியல் ஆய்வாளர் ஒருவர் செய்யும் களப்பதிவுக்கு இது அதிகம் குறைந்ததல்ல.

இதிலிருந்து டெனன்ட் ஒரு முடிவுக்கு வருகிறார்: ஓசை ஒரே இடத்தில் நிற்கிறது, மீன் நீந்தித் திரிவது, ஆகவே மீன்பிடிகாரர் சொன்னபடி மெல்லுடலியாக இருக்கலாம். துணைக்கு எடின்பரோவில் டார்வினுக்கு வழிகாட்டிய ராபர்ட் கிராண்டையும் அழைக்கிறார். ஓடற்ற கடல்நத்தையான திரித்தோனியா கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஒலி எழுப்பியதைக் கவனித்தவர் அவர். பம்பாய்த் துறைமுகம், சிலியின் கல்தேரா, அமெரிக்காவின் பஸ்ககூலா ஆகிய இடங்களிலும் இத்தகைய ஓசை பேசப்படுவதையும் குறிப்பிடுகிறார்.

எனக்கு அந்த முடிவில்தான் சந்தேகம். 1980களில் கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் படகுவீடுகளில் வாழ்ந்தவர்களை இரவெல்லாம் ஒரு ரீங்காரம் தூங்கவிடவில்லை. தேடியபோது அகப்பட்டது தேரைமீன் குடும்பத்து மீன் ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் கல்லுக்கடியில் கூடமைத்து, அங்கிருந்து நகராமல், காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை அதிரவைத்துப் பெண்மீனை அழைக்கிறது. ஓரிடத்தில் நிற்கும், இரவில் மட்டும் ஒலிக்கும், பருவம் முடிந்தால் அடங்கும். டெனன்ட் எழுதிவைத்த அடையாளங்கள் ஊரியைவிட இப்படிப்பட்ட மீனுக்கே அதிகம் பொருந்துகின்றன. பாறைச் சந்தில் மீன் இருந்தால், அங்கே கைவிட்டவருக்கு முதலில் அகப்படுவது ஊரிதான், மீன் ஓடிவிடும். மீன்பிடிகாரர் இடத்தையும் காலத்தையும் சரியாகச் சொன்னார்கள், ஆளை மட்டும் மாற்றிச் சொன்னார்கள் என்பது என் ஊகம்.

மட்டக்களப்பில் போர்க்காலத்தில் இரவில் வாவிக்குப் போவதே ஆபத்தாக இருந்தது, பாலத்தில் காவலரண். ஒரு தலைமுறை கேட்காமலே வளர்ந்தது. 2014இல் பி.பி.சி. வானொலி வந்து ஒரு நிகழ்ச்சி செய்தபோது ஊரே மறுபடி பேசியது, பிறகு ஓய்ந்தது.

இந்த ஊகத்தைச் சோதிக்கச் செய்ய வேண்டியதன் பாதி 1848இலேயே எழுதப்பட்டிருக்கிறது. நீரடி ஒலிவாங்கியைப் பாலத்தடியில் இல்லாமல் கோட்டைத் துறைப் பாறையருகே இறக்க வேண்டும். சித்திரை முதல் புரட்டாதி வரை பறுவ இரவுகளிலும் அமாவாசை இரவுகளிலும் பதிவுசெய்ய வேண்டும்; நிலவு உண்மையில் காரணமா, நிலவில்தான் மக்கள் தோணியில் போகிறார்களா என்பது அப்போது தெரியும். மாரியில் முகத்துவாரம் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நீரின் உப்பை அளந்து, ஓசை எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கற்களைப் புரட்டும் வேலைக்கு வீச்சுவலைக்காரர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, பிடிபட்டவற்றோடு அவர் பெயரையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். டெனன்ட் தன் தோணிக்காரர்களின் பெயரை எழுதவில்லை.