மாட்டுப்பட்டி மலையும் வண்டியில் பதித்த தொலைபேசியும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி 13 கிலோமீட்டர். அங்கிருந்து குண்டளை தாண்டி மேலே ஏறினால் டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து கணக்கிட்டால் 32 கிலோமீட்டர். இடுக்கி மாவட்டத்து ஊர்தான் என்றாலும், தேயிலைத் தோட்ட லயங்களில் காதில் விழுவது பெரும்பாலும் நம் தமிழ். அணை, படகு, இந்தோ-சுவிஸ் மாட்டுப்பண்ணை எல்லாம் நம்மவர்கள் அறிந்தவையே. இங்கே நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி: ஒரு கருவி கெடாமல் இருந்தும், அதற்குரிய வழி மறைந்துபோனால் அது என்ன ஆகிறது என்பது பற்றி.

இந்த மலை அதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1902-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளத்தில், மாடு இழுக்கும் வண்டி ஓடியது. 1908-இல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி எஞ்சின் வந்தது. மாட்டுப்பட்டியிலும் ஒரு நிலையம். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், கம்பிவட ஊஞ்சலில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போகும். 1924 ஜூலை வெள்ளம் (மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பது இதைத்தான்; கொல்லம் ஆண்டு 1099) பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி போடவேயில்லை. எஞ்சினைச் செப்பனிட ஆள் இருந்திருக்கலாம், ஓட்டத்தான் தண்டவாளம் இல்லை. அந்த எஞ்சினின் சக்கரம் ஒன்று இன்று நல்லதண்ணி தேயிலை அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருள்.

காரில் பதித்த தொலைபேசியின் கதையும் இதேதான். 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் முதல் கார்த் தொலைபேசிச் சேவை தொடங்கியது. கருவியின் எடை ஏறத்தாழ 36 கிலோ. வண்டியின் பின்பெட்டியில் பாதி இடம் அதற்கே. ஜெர்மனியில் 1958-இல் ஏ-வலை, 1972-இல் பி-வலை, 1985-இல் சி-வலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1977-இல் முதலாவதும், 1994-இல் இரண்டாவதும், 2000 முடிவில் மூன்றாவதும் மூடப்பட்டன. ஒவ்வொரு முறையும் நல்ல நிலையிலிருந்த கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின. அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிய அனலாக் செல்போன் வலையைத் தொடர்ந்து நடத்தவேண்டும் என்ற கட்டாயம் 2008 பிப்ரவரி 18-இல் முடிந்தது. விபத்து நேரத்தில் உதவி அழைப்பதற்கென்றே சில கார்களில் பொருத்தியிருந்த கருவிகளும் அதையொட்டிப் பயனற்றுப் போயின. கார் புதுசு மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

நம் நாட்டுக்கு இந்தச் சங்கடம் கொஞ்சம் தாமதமாக வந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அனலாக் வலையைத் தாண்டி நேரே ஜி.எஸ்.எம். முறைக்கு வந்துவிட்டோம். கேரளத்தில் 1996 செப்டம்பர் 17 அன்று எஸ்கோடெல் சேவையைத் தொடங்கிவைத்து முதலில் பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப்பிள்ளை. அப்போது உச்ச நேரத்தில் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல். வந்த அழைப்புக்கும் காசு! அது 2003-இல்தான் நீங்கியது.

மலையில் வண்டித் தொலைபேசிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கையில் வைத்துப் பேசும் ஜி.எஸ்.எம். கருவி 900 அலைவரிசையில் அதிகபட்சம் 2 வாட் சக்தியில்தான் அலை அனுப்பும். வண்டியில் பதித்த கருவிக்கு 8 வாட் வரை அனுமதி. 2000-ஐ ஒட்டி வந்த நோக்கியா 6090 அப்படிப்பட்டது. வண்டியின் 12 வோல்ட் மின்கலமே தீனி; ஆன்டெனா கூரைமேல் வெளியே நிற்கும். கை செல்போன் கோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற வளைவில் இது பேசும். ஆனாலும் மலை மலைதான்: குறுக்கே ஒரு முகடு நின்றால் 8 வாட்டும் ஒன்றும் செய்யாது. சாதாரணமாக 35 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரத்தோடு ஜி.எஸ்.எம். பேசுவதும் இல்லை. டாப் ஸ்டேஷன் மேட்டில் தேனிப் பக்கம் கண்ணுக்கு நேரே விரிகிறது. மாட்டுப்பட்டிப் பள்ளத்திலோ சுற்றிலும் மலை. மேட்டில் நிற்கும் செல்போன் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ரோமிங் காசு தின்ற காலத்தை எல்லையோரத்துக்காரர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

அப்புறம் வலைகள் மாறத் தொடங்கின. எஸ்கோடெல் ஐடியாவுக்குள் போனது. 2018-இல் ஐடியா வோடபோனோடு சேர்ந்தது. பெயர் மாறினாலும் எண்ணும் ஜி.எஸ்.எம். முறையும் நின்றதால் பழைய கருவிக்குச் சேதமில்லை. ரிலையன்சின் சி.டி.எம்.ஏ. போன்களின் கதி வேறு. பலவற்றில் கழற்றி மாற்றச் சிம் அட்டையே கிடையாது. 2016-இல் வலையை நிறுத்தியதும் அவை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். 2018-இல் ஏர்செல் நின்றபோது தமிழ்நாட்டில் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள மக்கள் பட்ட பாடு தெரிந்ததே. ஏர்டெல் 3ஜி-யை 2020-க்குள் நிறுத்திவிட்டது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் 2ஜி என்பதே இல்லை. ஆக, பழைய ஜி.எஸ்.எம். வண்டித் தொலைபேசி ஒன்று இன்றும் இந்தியாவில் உயிரோடு இருக்கிறது என்றால், அது ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். ஆகியவற்றின் 2ஜி நீடிக்கும்வரைதான்.

உயிரோடு வைத்திருப்பதும் லேசில்லை. முதல் சிக்கல் சிம். ஆரம்ப காலக் கருவிகள் சிலவற்றுக்கு வங்கி அட்டை அளவுள்ள முழுச் சிம் வேண்டும். அளவையாவது அட்டைச் சட்டத்தில் ஒட்டிச் சமாளிக்கலாம். மின் அழுத்தம்தான் வினை. அவை சிம்முக்கு 5 வோல்ட் கொடுக்கும். இன்றைய சிம்கள் பல 3 வோல்ட், 1.8 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. கருவி ஏற்காது, சில நேரம் சிம்மே போய்விடும். அடுத்தது அலைவரிசை. 900 மட்டும் அறிந்த கருவிக்கு 1800-இல் ஓடும் கோபுரம் பக்கத்திலேயே நின்றாலும் இல்லாததுபோல்தான். 2001-இல் உரிமம் பெற்ற நான்காவது நிறுவனங்கள் வந்தது அந்த 1800-இல்.

வெளிநாட்டில் பழைய கார்ப் பிரியர்கள் கண்ட வழி, உடலை வைத்துக்கொண்டு உள்ளுயிரை மாற்றுவது. பழைய ரிசீவர், பொத்தான்கள், ஒலிபெருக்கி அப்படியே இருக்கும். உள்ளே புளூடூத் பலகை ஒன்றை வைத்து, சட்டைப்பையில் இருக்கும் புதுச் செல்போனோடு இணைத்துவிடுவார்கள். வீட்டுப் பழைய சுழல் தொலைபேசிக்கும் இதுபோல் சிம் போட்ட ஒரு பெட்டி கிடைக்கிறது. பார்க்க அழகுதான். என்னைக் கேட்டால் இது பாதி உயிர்தான்: 8 வாட்டும் வெளி ஆன்டெனாவும் தந்த பலம் போய், வண்டி மறுபடி 2 வாட்டுக்கும் குறைந்த கைக்கருவியை நம்பியிருக்கும்.

நம் மலை ஜீப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது முப்பது வருஷத்து ஜீப்பை மூணாறு மெக்கானிக் ஒருவர் கிடைத்த உதிரியை வைத்து ஓடவைத்துவிடுவார், ஏனென்றால் முழு ஜீப்பும் அவர் முன்னே நிற்கிறது. தொலைபேசியில் பாதிதான் வண்டிக்குள். மறுபாதி கோபுரத்தில் இருக்கிறது, அது கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டது.

இந்த மறுபாதியின் விலை என்னவென்று 2020 ஆகஸ்ட் 6 இரவு தெரிந்தது. மாட்டுப்பட்டி இருக்கும் அதே மூணாறு மலைத்தொடரில், இராஜமலைப் பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. எழுபது பேர் பலி. பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு வட்டாரத்து வேர் கொண்ட குடும்பங்கள் பல. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. அன்று அங்கே எந்தக் கருவி இருந்திருந்தாலும், 2ஜி ஆகட்டும் 4ஜி ஆகட்டும், கோபுரத்தை நம்பியதென்றால் பயனில்லை. போலீசும் வனத்துறையும் வண்டியில் வைத்திருக்கும் வயர்லெஸ் செட் பழைய சங்கதி என்று நாம் நினைக்கிறோம். அதுவோ இடையில் கோபுரம் இல்லாமலே செட்டுக்குச் செட் பேசும். 2018 கேரள வெள்ளத்தில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் கைகொடுத்ததும் இந்த வகையில்தான்.

வண்டித் தொலைபேசி ஒழிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. 2019 முதல் புதுப் பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் கட்டாயம். அதே ஆண்டு முதல் நம்மவர் வாங்கும் கார்கள் சிலவற்றிலும் கழற்ற முடியாத சிம் உள்ளேயே பதிந்து வருகிறது. அந்தப் பொத்தான் எந்த வலையில் பேசுகிறது, 2ஜி-யிலா 4ஜி-யிலா, அந்த வலை நின்றால் கருவியை மாற்றித் தருவது யார், எத்தனை வருஷத்துக்கு? விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போடிமெட்டு ஏறப் போகிறவர்கள், கார் வாங்கும்போதே விற்பனையாளரிடம் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.