சென்னை ஆங்கில உச்சரிப்பு

சென்னை ஆங்கில உச்சரிப்பு என்பது தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சென்னைவாசிகள் ஆங்கிலம் பேசும் முறை. ஒலியிலும் அழுத்தத்திலும் இது பிரிட்டன், அமெரிக்கா, இலங்கை வழக்குகளிலிருந்து வேறுபடுகிறது. அமெரிக்க உச்சரிப்பைப் போலவே இதற்கும் தனி வரலாறு உண்டு. இதைப் பிழை என்று ஒதுக்குவது தவறு.

வரலாறு

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பெற்ற பிறகு, மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள் ஆங்கிலத்தைக் காதால் கேட்டுக் கற்றனர். 19ஆம் நூற்றாண்டில் அது பள்ளிப் பாடமாயிற்று. ஸ்காட்லாந்துப் பாதிரியார்கள் 1837இல் தொடங்கிய பள்ளி பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியானது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தது. பெரும்பாலோர் புத்தகம் வழியாகவே ஆங்கிலம் கற்றதால், எழுத்தில் உள்ளதெல்லாம் நாவிலும் ஒலித்தது. தென் இங்கிலாந்தில் 'கார்' என்ற சொல்லின் இறுதி ரகரம் மறைந்து 'கா' என நீண்டது. சென்னையில் அந்த ரகரம் நிலைத்தது; ஸ்காட்லாந்தியரும் அமெரிக்கரில் பெரும்பாலோரும் இன்றும் அதை ஒலிக்கின்றனர்.

1917இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி, தென் இங்கிலாந்துக் கற்றோர் பேச்சை அளவுகோலாக்கியது. அக்காலத்தில் சென்னைக் கல்வியாளரின் ஆங்கிலம் வெளிநாட்டிலும் ஒலித்தது: திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்று அங்குள்ள இந்தியரின் உரிமைக்காக ஆங்கிலத்தில் உரையாற்றினார்.

ஒலி இயல்புகள்

ஆங்கிலேயர் டகர ஒலியை மேற்பல் ஈற்றில் நாநுனி வைத்துச் சொல்வர். சென்னைத் தமிழர் நாவை வளைத்து ஒலிப்பர். 'திங்க்' என்பதில் அவர்கள் பல்லிடையே காற்றைக் கசிய விடுவர். நாம் தமிழ்த் தகரமாக நிறுத்துகிறோம். சொல் முதலில் வரும் எகரத்துக்கு முன் யகரம் சேர்ந்து 'எம்.ஏ.' 'யெம்மே' ஆகிறது. மெய்யில் முடியும் சொல் உகரம் ஏற்று 'பஸ்ஸு' ஆகிறது. 'ஃபில்ம்' நடுவே இகரம் பெற்று 'ஃபிலிம்' ஆகிறது.

ஈழ வழக்கு

யாழ்ப்பாணத்தார் 'ற்ற' என்பதை மேற்பல் ஈற்றில் நாநுனி வைத்தே சொல்வதால் அது ஆங்கில டகரத்துக்கு நெருக்கமானது. அதனால் அவர்கள் 'பற்றரி' என்றும் 'ரொறன்ரோ' என்றும் எழுதுவதைத் தமிழகத்தார் 'பேட்டரி', 'டொராண்டோ' என்று எழுதுகின்றனர். ஒரே தாய்மொழி கொண்ட இரு நாட்டார் ஒரே ஆங்கில ஒலியை இருவிதமாக ஏற்றதற்கு இது நல்ல சான்று.

இக்காலம்

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் பெருகிய கால் சென்டர்கள் பணியாளர்களுக்கு அமெரிக்கத் தொனியில் பயிற்சி தந்தன. அச்சாலைக்குக் கிழக்கே, கடலோரம் உள்ள பாலவாக்கம் போன்ற பகுதிகளில் பள்ளியில் கற்ற 'ஷெட்யூல்' என்பதும் அலுவலகத்தில் பழகிய 'ஸ்கெட்ஜூல்' என்பதும் சேர்ந்தே புழங்குகின்றன.

மதிப்பீடு

இந்தியர் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து ஆர்.கே. பன்சால் 1969இல் ஐதராபாத்தில் நூல் வெளியிட்டார். புரியாமைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அவர் கண்டது சொல்லழுத்தம் இடம் மாறுவது. 'டெவலப்' என்பதில் இரண்டாம் அசையை அழுத்த வேண்டும். நம்மில் பலர் முதல் அசையை அழுத்துகிறோம். ரகரத்தையும் தகரத்தையும் மாற்றப் பாடுபடுவதைவிட, வகுப்பறையில் இந்த அழுத்தத்தைக் கற்பிப்பதே மாணவர்களுக்குப் பெரிதும் பயன் தரும்.