கற்பிட்டிக் கோட்டை

புத்தளம் மாவட்டத்தில், கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் நடுவே வடக்கு நோக்கி நீளும் மணற்குடாநாட்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை. 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடிக்கப்பட்டது. முருகைக்கல் மதில், நான்கு மூலைக் கொத்தளங்கள், செங்கல் வளைவு கொண்ட வாசல்.

இங்கே குன்றும் இல்லை, மேடும் இல்லை. கோட்டைக்கு அது தேவைப்படவும் இல்லை. களப்பின் வாய் வடக்கே திறக்கிறது. புத்தளத்துக்குப் போகும் மரக்கலம் கற்பிட்டியைக் கடந்தே போகவேண்டும். அந்த வழியைக் கையில் வைத்திருப்பவரிடம் கண்டி அரசின் கடல் வாணிபமே சிக்கிக்கொள்ளும்.

புத்தளம் பழைய துறை. 1344இல் இங்கு வந்திறங்கிய அரபுப் பயணி இபின் பதூதா, யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்தார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததையும், சோழமண்டலத்தாரும் மலையாளத்தாரும் மன்னருக்குத் துணி கொடுத்துவிட்டு அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றதையும் எழுதியிருக்கிறார். பின்னாளில் மலைநாட்டுப் பாக்கு இந்தத் துறைக்கு இறங்கியது. உப்பும் கருவாடும் துணியும் பொதிமாடுகளில் மலையேறின. இந்தப் போக்குவரத்தில் முஸ்லிம் வணிகரின் பங்கு பெரிது. கோட்டையின் கதையைத் தளபதிகளின் பெயர்களைக் கொண்டு மட்டும் சொன்னால், எதற்காக அது கட்டப்பட்டது என்பதே விளங்காமல் போகும்.

போர்த்துக்கேயர் காலத்தில் இயேசு சபைப் பாதிரிமார் கற்பிட்டியில் இருந்தனர். 1658இல் போர்த்துக்கேயர் தீவை இழந்தபின் ஒல்லாந்தர் இவ்விடத்தைப் பலப்படுத்தினர். மலைநாட்டுக்கு உப்பு போவதைத் தடுத்தால் கண்டி பணியும் என்பது அவர்கள் கணக்கு. நெடும் போருக்குப் பின் 1766 உடன்படிக்கையில் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் கரையோரம் முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

அந்த ஆட்சி மாற்றத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1807இல், இதே கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரிக்கும் ஆங்கில நூலை 1834இலும், தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’கை 1859இலும் வெளியிட்டார். கற்பிட்டி தமிழுக்குத் தந்த பெருங்கொடை அவர்; கோட்டையைப் பார்க்க வருவோர் அவர் பெயரையும் அறிந்து செல்லவேண்டும்.

இன்று கோட்டை கடற்படை முகாமுக்குள் இருப்பதால், அனுமதி பெற்றே உள்ளே போகலாம். தேவாலயம், படைவீரர் குடியிருப்பு, சிறைக்கூடம் ஆகியவற்றின் சுவர்கள் எஞ்சியுள்ளன. மதில்மேல் நின்றால் களப்பில் மீன்பிடி வள்ளங்கள் போய்வருவது தெரியும்.