புதிருக்கு முடிவு இருந்த காலம்

'கார்டன்ஸ்கேப்ஸ்' என்ற பெயரில் இரண்டு விளையாட்டுகள் உண்டு. முதலாவது 2009இல் கணினிக்கு வந்தது. பழைய மாளிகை ஒன்று நம் கைக்கு வந்து சேர்கிறது. அதன் தோட்டம் பாழடைந்து கிடக்கிறது. சீர்செய்யப் பணம் இல்லை. வீட்டில் அடைந்து கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுத்தான் காசு சேர்க்க வேண்டும். வாங்க வருபவர் கேட்கும் பொருளைச் சாமான்கள் குவிந்த அறையில் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் ஆட்டம். ஆஸ்டின் என்ற பட்லர் கூடமாட நின்று உதவுவார். தோட்டம் முழுதும் சீராகிவிட்டால் ஆட்டமும் முடிந்துவிடும். இரண்டாவது 2016இல் கைபேசிக்கு வந்தது. அதே தோட்டம், அதே ஆஸ்டின், உருவாக்கியதும் ரஷ்யாவின் வொலக்தா நகரில் 2004இல் தொடங்கிய அதே பிளேரிக்ஸ் நிறுவனம்தான். ஆனால் அறைக்குள் தேடும் வேலைக்குப் பதிலாக, ஒரே மாதிரியான மூன்று பொருள்களை வரிசையில் சேர்க்கும் பலகை வந்திருந்தது. விலை போய் இலவசம் வந்தது. முடிவு என்பதே இல்லாமல் போயிற்று.

பொழுதுபோக்குப் புதிர் விளையாட்டுகளைப் பல வருடங்களாக ஆடி வருபவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும்: முன்பு போல் இப்போது இல்லை. இதைப் பழசை நினைத்து ஏங்குவோரின் புலம்பல் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இந்தத் தொழிலின் கடந்த காலத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், அந்தக் குறையில் நியாயம் இருப்பது தெரியும். புதிரின் வடிவத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் அதற்குப் பணம் வந்த வழிதான். விற்கும் முறை மாறியபோதெல்லாம் புதிரும் மாறியது. கடைசியாக வந்த மாற்றம், புதிர் போடுபவருக்கும் விடை தேடுபவருக்கும் இடையே காலங்காலமாக இருந்துவந்த ஓர் ஒப்பந்தத்தையே குலைத்துவிட்டது.

அந்த ஒப்பந்தம் கணினியை விட மூத்தது. அமெரிக்காவில் 1946இல் தொடங்கிய 'ஹைலைட்ஸ்' என்ற சிறுவர் இதழ், படத்துக்குள் படம் ஒளித்துவைக்கும் பக்கத்தை முதல் இதழிலிருந்தே வெளியிட்டது. பிரிட்டனில் 1987இல் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு, நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு நடுவே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரனைத் தேடவிட்ட 'வாலி' புத்தகங்களைத் தொடங்கினார். நம் வார இதழ்களின் 'ஆறு வித்தியாசங்கள்' பகுதியும் இதே குடும்பம்தான். இவை எல்லாவற்றிலும் பேசாமலே ஏற்றுக்கொண்ட விதி ஒன்று உண்டு. தேடவேண்டியது முழுவதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. காசு கொடுத்துப் புத்தகத்தை வாங்கிய பிறகு, வாசகர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தாலும் ஐந்து நாள் திணறினாலும் வரைந்தவருக்கு லாபமோ நஷ்டமோ இல்லை. ஆகவே எவ்வளவு கடினமாக ஒளிப்பது என்ற முடிவை அவர் ஒரே ஒரு அளவுகோலை வைத்து எடுத்தார்: தேடுவது சுவையாக இருக்குமா?

கணினியில் இந்தக் குலத்தின் தொடக்க கால ஆட்டங்களும் விற்பனையைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' எழுதியபோது விற்பது அவர் யோசனையிலேயே இல்லை. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிட்டேர் சீட்டாட்டம் கணினியோடு சேர்ந்தே கிடைத்தது. அலுவலகங்களில் மேலாளர் தலை மறைந்ததும் திறக்கப்படும் சாளரமாக அது ஆனது. கேம் என்றால் பையன்கள் துப்பாக்கி சுடுவது என்று தொழில் நம்பிக்கொண்டிருந்தபோது, கேம் என்ற பெயரே சொல்லாமல் கோடிக்கணக்கானவர்கள் தினமும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நடுவயதுப் பெண்கள் கணிசம். அந்தக் கூட்டத்தைச் சந்தையாகப் பார்த்தவர்கள் 2000க்குப் பிறகுதான் வந்தார்கள். பாப்கேப் நிறுவனம் 2001இல் 'பிஜுவெல்டு' என்ற மணிகள் சேர்க்கும் ஆட்டத்தை இணையத்தில் இலவசமாகவும், கணினியில் இறக்கிக்கொள்ளும் மெருகேற்றிய பதிப்பை ஏறத்தாழ 20 டாலருக்கும் தந்தது. 'முதலில் ஆடிப் பார், பிடித்தால் வாங்கு' என்பது இந்தத் தொழிலின் தாரகமந்திரமாயிற்று.

பொருள் தேடும் ஆட்டம், அதாவது ஹிட்டன் ஆப்ஜெக்ட் கேம், இந்த விற்பனை முறையின் செல்லப்பிள்ளை. சியாட்டிலில் பால் தெலன் 2002இல் தொடங்கிய பிக் ஃபிஷ் நிறுவனம் 2005இல் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' வெளியிட்டது. அடுத்த ஆண்டே 'ரேவன்ஹர்ஸ்ட்' வந்தது. ஒரு மணி நேரம் இலவசம், அதற்குமேல் வேண்டுமென்றால் பணம் என்பது ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரத்துக்கு இந்த வகை ஆட்டம் அச்சில் வார்த்தது போல் பொருந்தியது. விதியைச் சொல்லித்தர அரை நிமிடம் போதும். தூசி படிந்த ஒரு படிப்பறையின் அசையாத படம். கீழே பத்துப் பன்னிரண்டு பொருள்களின் பட்டியல். சாவி நாற்காலிக் கையின் வளைவோடு வளைவாகப் படுத்திருக்கும். இறகு திரைச்சீலையின் மடிப்பாக நடிக்கும். கத்தரிக்கோல் விளக்குத் தண்டின் நிழலில் பாதி மறைந்திருக்கும். கண்ணில் பட்டதும் ஒரு கிளிக், பட்டியலிலிருந்து ஒரு பெயர் அழியும். முப்பரிமாண உலகம் கட்டுவதோடு ஒப்பிட்டால், தீட்டிய நிலைப்படங்களைத் தயாரிக்கும் செலவு குறைவு. வீட்டு மூலையில் கிடந்த பழைய கணினியிலும் ஓடும். அறுபதாவது நிமிடத்தில் யார் கொலையாளி என்று தெரியாமல் திரை மூடும்போது கை தானாகவே பணம் கட்டப் போகும்.

இதே காலத்தில்தான் கதையோடு கூடிய அட்வென்சர் விளையாட்டுகள் கடைகளிலிருந்து மறைந்துகொண்டிருந்தன. 1993இல் வந்த 'மிஸ்ட்' பல ஆண்டுகள் விற்பனையில் முதலிடத்தில் இருந்தும், அந்த வகைக்கு முதலீடு செய்யப் பெரிய நிறுவனங்கள் தயங்கின. பூட்டிய கதவு, உடைந்த இயந்திரம், கிழிந்த நாட்குறிப்பு ஆகியவை அடைக்கலம் புகுந்த வீடு பொருள் தேடும் ஆட்டம்தான். 'கேப்ரியல் நைட்' தொடரை உருவாக்கிய ஜேன் ஜென்சன், அகதா கிறிஸ்டி நாவல்களைத் தழுவிய பொருள் தேடும் ஆட்டங்களில் பணியாற்றினார். போலந்தின் ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி போன்ற கூடங்கள் இந்தக் கலவையையே தங்கள் அடையாளமாக்கிக்கொண்டன. கேம் இதழ்கள் கண்டுகொள்ளாத இந்தத் துறை, ஒரு பழைய கதைக்கலையை உயிரோடு காப்பாற்றியது. இதை மறுப்பவர்கள் அந்த ஆட்டங்களை ஆடிப் பார்க்காதவர்கள்.

திருப்பம் வந்த தேதியைக்கூடக் குறிப்பிட முடியும். 2009 அக்டோபரில், இலவசச் செயலிகளுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்தது. ஃபேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்' அதே ஆண்டில் காத்திருப்பை ஒரு பண்டமாக மாற்றிக் காட்டியது. 2011இல் பிளேடம் நிறுவனத்தின் 'கார்டன்ஸ் ஆஃப் டைம்' என்ற பொருள் தேடும் ஆட்டம் அந்தத் தளத்தின் மிகப் பிரபலமான விளையாட்டாக ஃபேஸ்புக்காலேயே அறிவிக்கப்பட்டது. 2012இல் 'கேண்டி க்ரஷ்' வந்தது. ஐந்து லைஃப் கைவசம். தோற்றால் ஒன்று போகும். போனது திரும்ப அரை மணி நேரம். பலகையில் இரண்டே இரண்டு கட்டங்கள் பாக்கி இருக்கும்போது நகர்வுகள் தீர்ந்துவிடும். உடனே ஒரு பெட்டி எழுந்து, காசு கொடுத்தால் இன்னும் ஐந்து நகர்வு தருகிறேன் என்று கூப்பிடும். பொருள் தேடும் ஆட்டமும் இதே பாடத்தைக் கற்றது. பெர்லினின் வூகா 2017இல் வெளியிட்ட 'ஜூன்ஸ் ஜர்னி'யில் படங்கள் அழகானவை, கதையும் சுவையானது. ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் எனர்ஜி செலவாகும். அடுத்த அத்தியாயத்துக்கு நட்சத்திரம் சேர்க்க அதே அறைக்கு மறுபடி மறுபடி போகவேண்டும். முதல் தடவை தேடல். நான்காவது தடவை மனப்பாடம்.

இங்கேதான் பழைய ஒப்பந்தம் முறிகிறது. முழு விலையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டவருக்கு ஆடுபவர் தோற்பதால் ஆதாயம் எதுவும் இல்லை. தோல்வியின் வாசலில் கடை விரித்தவருக்கு ஆதாயம் இருக்கிறது. பழைய ஆட்டங்கள் பலவற்றில் ஹின்ட் பொத்தான் சற்று நேரம் பொறுத்தால் தானாக நிரம்பும்; பொறுமை மட்டுமே அதன் விலை. புதிய ஆட்டத்தில் அது விற்பனைச் சரக்கு. தடுமாற்றம் சுவைக்காக வைக்கப்பட்டதா, சில்லறைக்காக வைக்கப்பட்டதா என்று ஆடுபவர் சந்தேகப்படத் தொடங்கிய கணத்தில் புதிர் புதிராக இருப்பதில்லை. புதிரின் இன்பமே, விடை நியாயமாக எட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. பழைய ஆட்டங்களும் யோக்கியமானவை அல்ல என்பது முதலாவது. உண்மைதான். ஒரு மணி நேர இலவசம் என்பதால் முதல் ஒரு மணியில் காட்டிய மெருகு பிற்பகுதியில் மங்கிய ஆட்டங்கள் பல. பேய் பிடித்த மாளிகையும் காணாமல்போன தங்கையும் சலிக்கச் சலிக்க வந்தன. 'கலெக்டர்ஸ் எடிஷன்' என்று இரட்டை விலை வைத்து, கூடுதல் அத்தியாயத்தை அதற்குள் பூட்டிவைத்தார்கள். ஆனால் அந்தப் பேராசைக்குக் கூரை இருந்தது: 20 டாலர். அதைக் கட்டியவரிடம் மேற்கொண்டு கறக்க வழியில்லை. இப்போதைய முறையில் கூரையே கிடையாது. மிகச் சிலர் கட்டும் பெருந்தொகையில்தான் பலரின் இலவச ஆட்டம் ஓடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. கிரெடிட் கார்டு இல்லாதவருக்கு, டாலர் விலை கட்டுப்படியாகாத நாட்டில் இருப்பவருக்கு, இலவசம்தானே கதவைத் திறந்துவிட்டது? ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஒரு பைசாவும் கொடுப்பதில்லையே? இதை மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். ஆனால் குற்றம் இலவசத்தின் மேல் இல்லை என்பதற்கு 'வேர்டில்' சாட்சி. ஜாஷ் வார்டில் 2021இல் பொதுவில் வைத்த அந்தச் சொல் விளையாட்டு இலவசம். நாளைக்கு ஒரு புதிர், ஆறு வாய்ப்பு, அவ்வளவுதான். கூடுதல் வாய்ப்பை விலைக்கு வாங்க முடியாது. சில மாதங்களில் உலகமே ஆடியது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. இலவசமாகவும் நேர்மையாகவும் முடிவோடும் ஒரு புதிர் இருக்க முடியும். கெடுப்பது இலவசம் அல்ல, தோல்வியை விலைபேசும் வழக்கம்.

மக்கள் விரும்பித்தானே ஆடுகிறார்கள் என்பது மூன்றாவது. அதற்கு நிறுவனங்களின் விளம்பரங்களே பதில் சொல்கின்றன. 2020 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர நிர்ணய அமைப்பு, பிளேரிக்ஸின் 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' விளம்பரங்கள் இரண்டைத் தடைசெய்தது. ஊசியை எந்த வரிசையில் உருவினால் ஆள் தப்பிப்பான் என்ற வகைப் புதிர் அவற்றில் காட்டப்பட்டது. பெரும்பாலான ஆட்டமோ வேறு என்பதுதான் காரணம். யோசித்தால் விடை கிடைக்கும் சின்னப் புதிருக்குத்தான் கூட்டம் வருகிறது என்பதை விளம்பரம் செய்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆசை இருக்கும் இடம் அது; கிடைப்பது வேறு.

இந்தப் பாதை எங்கே போய் முடிந்தது என்பதற்குப் பிக் ஃபிஷின் கதையே ஆவணம். 2014இல் அதை 88.5 கோடி டாலருக்கு வாங்கியது, கென்டக்கி குதிரைப் பந்தயத்தை நடத்தும் சர்ச்சில் டவுன்ஸ். 2018இல் 99 கோடிக்கு அடுத்து வாங்கியது, ஸ்லாட் சூதாட்ட இயந்திரங்கள் செய்யும் ஆஸ்திரேலியாவின் அரிஸ்டோகிராட். அந்த ஆண்டிலேயே, பிக் ஃபிஷின் கசினோ ஆட்டத்தில் விற்ற மாயச் சில்லுகள் வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி 'மதிப்புள்ள பொருள்'தான் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு வழக்கு 15.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. துப்பறியும் கதை விற்ற கடை சூதாட்ட வியாபாரிகளின் கைக்குப் போனது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடிவில்லாத ஆட்டத்திலிருந்து பணம் எடுக்கும் வித்தையை அவர்கள் நெடுங்காலமாக அறிந்தவர்கள்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் போகவில்லை. 2017இல் வந்த 'ஹிட்டன் ஃபோக்ஸ்', கறுப்பு வெள்ளைக் கையோவியங்களும் வாயாலேயே எழுப்பிய ஒலிகளுமாக, ஒரே விலைக்கு விற்கப்பட்டு வரவேற்பையும் பெற்றது. கூடாரத்தை விலக்கினால் உள்ளே ஒருவன். புதரை வெட்டினால் பின்னால் ஒரு பாம்பு. எல்லாம் அந்தத் திரையிலேயே இருக்கிறது. இத்தகைய ஆட்டங்கள் பெரும்பணம் பண்ணாமல் இருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் இன்னும் சாத்தியம் என்று காட்டுகின்றன. ஆகவே எந்தப் புதிர் விளையாட்டையும் மதிப்பிட, படம் எவ்வளவு அழகு, எத்தனை கோடிப் பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதைவிட ஒரு கேள்வி பயன்படும்: நான் தோற்றால் யாருக்கு லாபம்? யாருக்கும் இல்லை என்றால், எவ்வளவு கடினமாக இருந்தாலும் அது புதிர். வேறொருவருக்கு என்றால், அதற்கு எவ்வளவு அழகாகத் தோட்டம் போட்டிருந்தாலும் அது கடை.