உலர்ந்த குருதியும் அதன் உடைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

சமூக வரலாற்றுக்கான மூலங்கள் எவை என்ற வினாவுக்குக் கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச் சுவடி, நிருவாக அறிக்கை என விடை கூறியே நாம் பழகியுள்ளோம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துள்ளது. வடிதாள் அட்டையொன்றில் ஊறி உலர்ந்த குருதித் துளியே அது. ஒரு நோக்கத்துக்காகப் பெறப்பட்ட துளி, ஆண்டுகள் பல கழிந்தபின், பெற்றவர் எண்ணியும் பார்த்திராத வைரசொன்றைத் தேடுவதற்குப் பயன்படுகின்றது. அவ்வேளை அத்துளி யாருடையது, அது கூறும் செய்தி யாரைச் சென்றடைதல் வேண்டும் என்பனவே இங்கு எமது வினாக்கள். இலக்கிய மாணவருக்கு இவற்றில் என்ன அக்கறை எனச் சிலர் கேட்கக்கூடும். நாட்டார் பாடல்களைத் தொகுத்தவரின் பெயர் நூலின் முகப்பில் இருக்கும். பாடிய கிழவியின் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது. இம்முறைமையை அறிந்தோருக்கு மேற்கூறிய வினாக்கள் அந்நியமானவையல்ல.

உலர்குருதி அட்டையைப் பரவலாக்கியவர் ஐக்கிய அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் றொபேட் கத்றி. மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பரம்பரை நோயான பீனைல்கீற்றோன்யூரியாவைப் பிறந்த சில நாட்களிலேயே கண்டறிந்தால், உணவுக் கட்டுப்பாட்டினால் குழந்தையைக் காக்கலாம். கத்றியின் மகன் உளவளர்ச்சி குன்றியவர்; அவருடைய உறவினரின் மகளொருத்திக்கு இந்நோயே இருந்தது. குழந்தையின் குதிக்காலில் குத்திப் பெற்ற சில துளிகளை வடிதாளில் உலர்த்தி அஞ்சலில் அனுப்பச் செய்யும் அவரது முறை 1963இல் வெளியாயிற்று. தமக்கென உரிமப் பணம் எதனையும் அவர் வேண்டவில்லை. ஆயின், தாம் ஏறத்தாழ 6 டொலரில் செய்துவந்த பரிசோதனைப் பொதியை, உற்பத்தி உரிமை பெற்ற கம்பனி 262 டொலருக்கு விற்க எண்ணியதை அறிந்தபோது அவர் அதிர்ந்துபோனார். பொது நிதியில் பிறந்த கண்டுபிடிப்பு சந்தைப் பண்டமாகும் கதைக்கு இதனிலும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

பரிசோதனை முடிந்ததும் அட்டையில் குருதி எஞ்சியிருந்தது. அதனை எறியாது வைத்திருந்தமையே பின்னைய வரலாற்றின் தொடக்கம். சுவீடன் 1975 முதலும் டென்மார்க் 1982 முதலும் இவ்வட்டைகளைத் தேசிய அளவில் பேணி வருகின்றன. பேணும் முறை எளிது. துளி சில மணி நேரம், பெரும்பாலும் ஓர் இரவு முழுவதும், வெயில் படாது காற்றில் உலர்தல் வேண்டும். அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு தாளிடப்பட்டு, ஈரமுறிஞ்சும் சிறு பொதிகளுடன் காற்றுப் புகாத பைகளில் இடப்படும். பிறபொருளெதிரிகளும் டீ.என்.ஏ.யும் உலர்நிலையில் நெடுங்காலம் நிலைக்கும், ஆர்.என்.ஏ. எளிதிற் சிதைவதால் உறைகுளிர் வேண்டும். ஈரமும் வெப்பமுமே பகைவர். ஓலைச் சுவடியைப் பேண முயன்ற எவருக்கும் இது புதிய செய்தியன்று. தேவைப்படும்போது சிறு வட்டத் துண்டொன்றை வெட்டிக் கரைசலில் ஊறவைத்தால் உலர்ந்த குருதி மீண்டும் பேசும். குளிரூட்டியும் மின்சாரமும் இல்லாத கிராமத்திலிருந்து அஞ்சலுறையில் வைத்து அனுப்பக்கூடிய மாதிரி இது என்பதால், வறிய நாடுகளில் இதன் பயன் பெரிது.

அட்டையின் அரசியல் வெளிப்பட்டது எயிட்ஸ் நோயின் காலத்திலேயே. 1986இன் பிற்பகுதியில் மசசூசெற்ஸ் மாநிலத்தில், சிசுக்களின் எஞ்சிய குருதியைப் பெயர் நீக்கி எச்.ஐ.வி.க்கான பிறபொருளெதிரிக்குப் பரிசோதிக்கத் தொடங்கினர். சிசுவின் குருதியிலுள்ள அப்பிறபொருளெதிரி தாயிடமிருந்து வந்தது. எனவே அது சிசுவின் தொற்றை அன்றித் தாயின் தொற்றையே உறுதியாகக் காட்டும். 1988இல் வெளியான முடிவின்படி, 30,708 மாதிரிகளில் ஆயிரத்துக்கு 2.1 என்ற விகிதத்தில் தொற்று இருந்தது. உள்நகர வைத்தியசாலைகளில் அது ஆயிரத்துக்கு 8.0, புறநகர், கிராமிய வைத்தியசாலைகளில் 0.9. நோய் வர்க்க எல்லைகளை அறிந்தே நடந்தது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இம்முறை 1988 முதல் ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தேசிய ஆய்வாக நடைபெற்றது. பெயர் நீக்கப்பட்டமையால் சம்மதம் கேட்கப்படவில்லை. அதே காரணத்தால் முடிவைத் தாய்க்கு அறிவிக்கவும் வழியிருக்கவில்லை. சிகிச்சை அரிதாயிருந்த காலத்தில் இதனை ஒருவாறு நியாயப்படுத்தலாம். 1994இல் நிலை மாறிற்று. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் தாய்க்கும், பின்னர் சிசுவுக்கும் ஏ.இசற்.ரி. மருந்து கொடுத்தால், சிசுவுக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 25.5இலிருந்து 8.3 ஆகக் குறையும் என நிறுவப்பட்டது. இதற்குப் பின்பும் அரசு எண்ணிக்கையை மட்டும் அறிந்துகொண்டு மௌனம் காப்பது எங்ஙனம்? 1995இல் தேசிய ஆய்வு நிறுத்தப்பட்டது. நியூயோர்க் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் நெற்றி மேயர்சன் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக, முடிவைத் தாய்க்கு அறிவிக்கும் சட்டம் அங்கு 1996இல் நிறைவேறிற்று.

அச்சட்டத்தை எதிர்த்தோரில் பெண்ணுரிமையாளர் பலர் இருந்தனர். சம்மதமின்றித் தாயைப் பரிசோதிப்பது கறுப்பினப் பெண்களையும் இலத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களையும் வைத்தியசாலையிலிருந்து விரட்டிவிடும் என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. எனினும் தாயின் அறியாமையைக் காப்பது உரிமையைக் காப்பதாகாது என்பதே எமது கருத்து. இரு தரப்பினரின் வாதத்திலும் உரிய இடம் பெறாத உண்மை ஒன்றுண்டு. பிரசவத்தின் பின் வரும் முடிவு, அம்மருந்தின் பெரும்பயனைப் பெறுவதற்குக் காலந் தாழ்ந்தது. அப்பெண்களுக்குத் தேவைப்பட்டது கர்ப்ப காலத்திலேயே கிட்டும் இலவச மருத்துவமும் விளக்கமும். அவற்றை அளிப்பதனினும் எஞ்சிய குருதியை எண்ணுவது மலிவாயிருந்தது.

இந்தியாவின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றது. 2005-06இன் மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாடு உட்பட வீடு வீடாகச் சென்று, சம்மதம் பெற்று, விரல் நுனிக் குருதியை அட்டைகளில் சேகரித்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. 15 முதல் 49 வயதினரில் நூற்றுக்கு 0.28 பேருக்குத் தொற்றிருந்தது. இதன் விளைவாக, 50 இலட்சத்தைத் தாண்டுமெனக் கருதப்பட்ட நாட்டின் தொற்றாளர் தொகை 2007இல் 25 இலட்சமளவாகத் திருத்தப்பட்டது. முன்னைய கணக்கு பெரிதும் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வந்தோரின் குருதியைக் கொண்டே அமைந்தது. அங்கு செல்வோர் பெரும்பாலும் வறியோர். தொற்றுண்டோர் எனச் சந்தேகிக்கப்பட்டோரும் அங்கேயே அனுப்பப்பட்டனர். வறியோரின் குருதியை நாடு முழுவதன் குருதியாகக் கொண்ட பிழையை வீடு வீடாகச் சென்ற அட்டை திருத்திற்று. இது அட்டையின் பெருமை. ஆனால் துளி கொடுத்தவர் தம் முடிவை இவ்வாய்வினூடாக அறிய முடியவில்லை. விரும்பினால் வேறோரிடம் சென்று பரிசோதிக்குமாறே வழிகாட்டப்பட்டார். நாகலாந்தில் மக்களின் கடும் எதிர்ப்பினால் இப்பரிசோதனை நடைபெறவேயில்லை. அதனை அறியாமை எனத் தள்ளிவிட நாம் ஆயத்தமாயில்லை.

இவற்றைக் கண்டு அட்டைகளை அழித்துவிடலே வழி என்போரும் உளர். டெக்சாஸ் மாநிலத்தில் பெற்றோரின் சம்மதமின்றிச் சேமித்த 53 இலட்சமளவான அட்டைகள், 2009இன் வழக்கையடுத்து அழிக்கப்பட்டன. அநீதிக்கு எதிரான தீர்வு எனினும் அதில் இழப்பும் உண்டு. பிறப்புக்கு முன்னரே தொற்றும் சைற்றோமெகலோ வைரசு பல குழந்தைகளின் செவிப்புலனைப் பின்னாளில் பறிக்கின்றது. பிறந்து மூன்று வாரங்கள் கடந்துவிட்டால், தொற்று கருவறையில் நேர்ந்ததா பின்னர் நேர்ந்ததா எனப் புதிய மாதிரியால் பிரித்தறிய இயலாது. பிறந்த நாட்களில் எடுத்த அட்டையே எஞ்சிய சாட்சி.

ஜப்பானில் இச்சாட்சி வேறிடத்தில் இருந்தது. குழந்தையின் உலர்ந்த தொப்புட்கொடியைச் சிறு பெட்டியிலிட்டு வீட்டில் பேணுதல் அங்கு நெடுங்கால வழக்கம். மினமாட்டாப் பகுதி மக்களின் கொடிகளில் மெதைல் பாதரசம் இருந்தமையை 1975இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆலைக் கழிவு கருவிலிருந்த சிசுவரை சென்றமைக்கு வீட்டுப் பெட்டிகளே சான்றளித்தன. பின்னாளில் சைற்றோமெகலோ வைரசின் டீ.என்.ஏ.யையும் அத்தகைய கொடிகளில் கண்டறிந்தனர். அங்கு பெட்டி தாயின் கையில் இருந்தது. செவிப்புலன் இழந்த பிள்ளைக்கு நேர்ந்தது யாதென அறியும் பொருட்டே அவள் அதனைத் திறந்து கொடுத்தாள். விடையும் அவளிடமே வந்தது.