பார்க்காமல் போன தீர்ப்பு



அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் தனியார் ஆய்வுப் பல்கலைக்கழகம். அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்த இரண்டாண்டுகளுக்குள், 1867-ல் தொடங்கியது. எந்த இனத்தவரும், ஆணும் பெண்ணும் படிக்கலாம் என்றது.

அதன் சட்டக் கல்லூரி நெடுங்காலம் மாலைநேரக் கல்லூரிதான். 1929-ல் பொறுப்பேற்ற சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அதை முழுநேரக் கல்லூரியாக மாற்றினார். மிகவும் கண்டிப்பான ஆசிரியர்.

அவரிடம் படித்தவர் தர்குட் மார்ஷல். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காததால் இங்கே வந்தவர். தாயார் கல்யாண மோதிரத்தை அடகு வைத்துப் பணம் கட்டினார். 1933-ல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். பிறகு ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வழக்காடி, 1936-க்குள் அதே மேரிலாந்து கல்லூரியின் கதவைத் திறக்க வைத்தார்கள்!

1954-ல், பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதாடியவர்களில் முதன்மையானவர் மார்ஷல். 1967-ல் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியும் ஆனார்.

ஹூஸ்டன் அந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. 1950-லேயே காலமாகிவிட்டார்.

விதைத்தவர் எல்லோருக்கும் அறுவடையைப் பார்க்கக் கொடுத்து வைப்பதில்லை. நீங்களெல்லாம் நன்றாக இருப்பதை இங்கே தினமும் பார்க்கிறேன். எனக்கு அது கிடைத்திருக்கிறது.

வாழ்க வளமுடன்.