காயகமும் மகளிர் அறமும்

மயிலத்தில் விளங்கும் பொம்மபுர ஆதீனம் வீரசைவ மரபினது. 17ஆம் நூற்றாண்டில் அவ்வாதீனத் தொடர்புடையராய் வாழ்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர், கன்னடத்தில் சாமரசர் இயற்றிய நூலைத் தழுவிப் பிரபுலிங்க லீலையைத் தமிழில் அருளினார். அதனால் அல்லமதேவர், பசவதேவர் முதலியோர் நமக்கு அணுக்கராயினர். ஆயினும், அவ்வடியார் குழுவில் உழைத்துண்ட மகளிர் இருவரை நம்மவருட் பலர் அறியார்.

வீரசைவர் நேர்மையான தொழிலைக் காயகம் என்பர். அதனையே சிவபூசையாகக் கொள்வர். 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் மாரய்யர் என்னும் அடியார், சிதறிக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வருவார். அவர்தம் மனைவியார் இலக்கம்மையார் அதனை அமுதாக்கி அடியார்க்கு ஊட்டுவார். ஒருநாள் அவர் வழக்கத்தின் மிகுதியாகக் கொணர்ந்தார். அம்மையார் மகிழ்ந்தாரல்லர், தேவைக்கு மிஞ்சியது ஆசையின்பாற்படும் எனக் கூறி, மிகுதியை எடுத்த இடத்திலேயே இட்டுவரச் செய்தார் என்பது அவர்தம் வரலாறு. மற்றொருவர் சத்தியக்கர். முற்றம் பெருக்குதலே அவர்க்குக் காயகம். கையூட்டுப் பெறாமையையும், வழியிற் கிடக்கும் பிறர்பொருளைத் தீண்டாமையையும் தம் விரதமாக வைத்து அவர் வசனம் பாடினார்.

"இவை வீரசைவர் வரலாறு, சித்தாந்திகளாகிய நமக்கு என்னை?" எனின், கூறுதும். திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு மெழுகிய திலகவதியாரன்றோ நாவரசரை நன்னெறிக்கு மீட்டவர்? ஆணவம் ஆண்பெண் இருபாலாரையும் ஒருங்கே மறைப்பது. அருளும் அவ்வாறே இருபாலார்க்கும் விளங்குவது. ஆதலின், அறத்தை ஆராயும் அறிவு ஒருபாற்கே உரியதென்றல் நம் சாத்திரத்திற்கு ஒவ்வாது.

இந்நாளில் அலுவலகங்களில் நிகழ்வது யாது? ஆடவன் பிழைப்பின் அஃது அவனொருவன் பிழை. பெண் பிழைப்பின் பெண்குலத்தின் பிழை. அவள் கையூட்டை மறுப்பின் பிழைக்கத் தெரியாதவள். தனக்கு நேர்ந்த இழிவை எடுத்துரைப்பின் அடக்கமற்றவள். பணியிடத்தில் மகளிர்க்கு நேரும் பாலியல் துன்பத்தைத் தடுக்க 2013ஆம் ஆண்டில் நடுவணரசு சட்டம் இயற்றியது. சட்டம் முறையீட்டிற்கு வாயில் திறக்கும். கேட்கும் செவியை நாமே திறத்தல் வேண்டும்.

மேடையில் இலக்கம்மையாரைப் புகழ்தல் எளிது. நம் திருமடத்திலோ திருக்கோயிலிலோ கணக்கெழுதும் பெண்ணொருத்தி, "ஐயா, இவ்வரவு முறையன்று" என்று கூறும்பொழுது, மாரய்யரைப்போல மறுமொழியின்றித் திரும்பிச் சென்று மிகுதியை வைத்துவிட்டு வருவோமாயின், அதுவே அவ்வம்மையார்க்கு நாம் செய்யும் வழிபாடாகும்.